கல்தேரின் முன்

திருவாரூர்க் கோயிலருகே மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லும் கல்தேர்ச் சிற்பத்தைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். மகாராஷ்டிர வழக்கு ஒன்றைப் படித்த பிறகு அதை எளிதாகக் கடந்து போக முடியவில்லை. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு ஏழைகளுக்கு 2009இல் தூக்கு என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, கண்ணால் கண்ட சாட்சி முதலில் காவல்துறையின் படத்தொகுப்பில் வேறு நால்வரைக் காட்டியிருந்ததைக் கணக்கில் எடுத்து, 2019 மார்ச்சில் அவர்களை நிரபராதிகளென விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

அந்தப் பத்தாண்டுக்குள் தண்டனை நிறைவேறியிருந்தால் அந்தத் தொகையை யார் கையில் கொடுத்திருப்பார்கள்? மனுநீதிச் சோழன் கதையில் சிவபெருமான் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் எழுப்பித் தந்தார். நம் சிறைகளில் அப்படி எழுப்பித் தர யாருமில்லை என்பதாலேயே தூக்குத் தண்டனையை அடியோடு நீக்க வேண்டும் என்கிறேன்.