சளி மட்டும் வந்தால் கல் என்று எழுதாதீர்கள்

சோற்றில் கை வைத்ததும் தாடைக்கடியில் வீங்கி, சாப்பிட்டு முடித்துச் சற்று நேரத்தில் வற்றிவிட்டால் எச்சில் சுரப்பியில் கல் என்று சந்தேகிக்க ஊசிச் சோதனை (மெல்லிய ஊசியால் செல்லை உறிஞ்சியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) தேவையில்லை. ஊசிக்கு வருபவை மாதக்கணக்கில் வற்றாமல் கெட்டியாக நிற்கும் வீக்கங்கள். எச்சில் கற்களில் 80 சதவீதத்துக்கு மேல் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. ஆனால் அதே சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்று. அவசரப்பட்டு எழுத முடியாத இடம் இது.

23 அல்லது 24 கேஜ் ஊசி, 10 மில்லி சிரிஞ்ச் போதும். ஊசிமுனை மணலில் உரசுவதுபோல நறநறத்தால் அதை ஃபாரத்திலேயே எழுதி வையுங்கள். ஸ்லைடு பார்ப்பவருக்கு அந்த ஒரு சொல் பெரிய உதவி. ஒரு ஸ்லைடைக் காற்றில் உலர்த்தி ஜீம்சா சாயத்துக்கு வையுங்கள். மற்றொன்றைத் தேய்த்த கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். சில நொடி தாமதித்தாலும் செல்லின் கரு உப்பி, விவரம் மங்கிவிடும்.

கல் துண்டு மைக்ரோஸ்கோப்பில் அடுக்கடுக்காக, உடைந்த விளிம்போடு தெரியும். வான் கோசா சாயத்தில் கறுக்கும். சுற்றிலும் சீழ் செல்கள், சளி, செதில் செல்லாகவும் சளி செல்லாகவும் உருமாறிய குழாய் செல்கள் இருக்கும். வம்பே இங்கேதான். சளி, செதில் செல், சளி செல் மூன்றும் சேர்ந்தால் அது லோ கிரேடு (வீரியம் குறைந்த) மியூகோஎபிடெர்மாய்டு என்ற எச்சில் சுரப்பிப் புற்றின் படமும்கூட. செல் நுனியில் மயிரிழைபோல சிலியா தெரிந்தால் கல் பக்கம் சாயலாம். இன்டர்மீடியட் செல்கள் (செதில் செல்லுக்கும் சளி செல்லுக்கும் இடைப்பட்டவை) தட்டுத்தட்டாக வந்து, அவற்றுக்குள்ளேயே சளி செல்கள் பொதிந்திருந்தால் புற்றை நினையுங்கள். சளி தின்ற மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கும் செல்கள்) இரண்டிலும் மிதக்கும். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எபிதீலியல் (உள்வரிப் படல) செல்லே இல்லாமல் வெறும் சளி வந்தால் 'ரிடென்ஷன் சிஸ்ட்' (கல் போன்ற அடைப்பால் சளி தேங்கிய பை) என்று எழுதிக் கைகழுவும் பழக்கம் உண்டு. தவறு. எச்சில் சுரப்பி ஊசிச் சோதனை முடிவுகளை வகைப்படுத்த 2018இல் வந்த மிலன் முறைப்படி அது மூன்றாம் வகை, அதாவது உறுதி சொல்ல முடியாத மாற்றம். 2023 பதிப்பின்படி அந்த வகையில் புற்றுக்கான வாய்ப்பு சுமார் 30 சதவீதம்.

இன்னொரு பொறி உண்டு. நாள்பட்ட அழற்சியில் எச்சில் சுரக்கும் அசினார் செல்கள் அழிந்து குழாய் செல்கள் மட்டும் சிறு கொத்துகளாக மிஞ்சும். கரு நெருங்கி, பேசலாய்டு கட்டிபோலவே (சிறிய, கரு அடர்ந்த செல்கள் நெருங்கிய கட்டி) தோன்றும். செல் எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள்: நாரேறிய சுரப்பி கஞ்சத்தனமாகத்தான் தரும், கட்டியென்றால் பெரும்பாலும் ஸ்லைடு நிறைந்துவிடும். ஜீம்சாவில் கத்தரிப்பூ நிற உருண்டைகள் இருந்தால் அடினாய்டு சிஸ்டிக் புற்றைத் தேட வேண்டும்.

சளியை உறிஞ்சிய பிறகும் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், அல்ட்ராசவுண்ட் பார்த்து அந்த இடத்திலேயே மறுபடி குத்துங்கள். கிடைப்பதில் கொஞ்சம் செல் பிளாக்குக்கு (செல்களை மெழுகில் பதித்து வெட்டிப் பார்ப்பது) ஒதுக்கினால் எம்.ஏ.எம்.எல்.2 மரபணு மாற்றத்தைத் தேடலாம். இருந்தால் மியூகோஎபிடெர்மாய்டு கிட்டத்தட்ட உறுதி; இல்லையென்றால் அது புற்று இல்லை என்று அர்த்தமாகாது.