விருந்து மேசையும் ஒரு நாற்காலியும்

லண்டன் நிலவியல் சங்கம் 1807-இல் ஒரு மதுவிடுதியில், விருந்துண்ணக் கூடிய நண்பர்களால் தொடங்கப்பட்டது. அந்த மேசையில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட 112 ஆண்டுகள் ஆயின!

இன்று, பாறைகளில் புதைபடிவங்களைத் தேடியெடுத்த மேரி ஆன்னிங்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் தச்சர் ஒருவரின் மகள். மழையிலும் புயலிலும் பாறை சரிந்த மறுநாளே சுத்தியலோடு கிளம்பிவிடுவார். 1833-இல் ஒரு சரிவு அவருடைய நாய் ட்ரேயைக் கண்ணெதிரே மூடியது. அவர் மயிரிழையில் தப்பினார்.

அவர் தோண்டியெடுத்த பிளீசியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டைப் பற்றி 1824-இல் சங்கத்தில் விரிவாகப் பேசினார்கள், அவர் பெயரை மட்டும் சொல்லாமல். 1847-இல் அவர் இறந்த பிறகு சங்கத் தலைவரே இரங்கல் உரை வாசித்தார். ஊர் தேவாலயத்தில் அவர் நினைவாகக் கண்ணாடிச் சாளரம் வைக்கவும் உறுப்பினர்கள் பணம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது வாசலைத் திறக்கத்தான் மனம் வரவில்லை.

நிலவியலாளர் கேத்தரின் ரெய்சின் கதை இன்னும் வேடிக்கை. 1893-இல் சங்கம் அவருக்கு லயல் நிதி விருதை அளித்தது. ஆனால் கூட்டத்துக்குப் பெண்கள் வரக்கூடாதே! அவருடைய பேராசிரியர்தான் போய் வாங்கி வந்தார்.

1919-இல் கதவு திறந்தது. முதலில் உள்ளே சென்ற எட்டுப் பெண்களில் ரெய்சினும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது.