டிக்கி என்றால் காரின் பின்பக்கம் இல்லை

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படித்தபோது, தெரியாத சொற்களுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தேன். இப்போது யாராவது கேட்டால், தெரிந்த சொற்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள் என்பேன். தெரியாத சொல் வந்தால் காது உஷாராகிவிடும், திருப்பிக் கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி ஒலிப்பதுதான் காலை வாரும்.

எனக்கு முதலில் வாரியது டிக்கி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இரண்டு வருடம் வேலை பார்த்த தோழி, ரோல்பிளே பயிற்சியில் நோயாளியாக நடித்தாள். “எனக்கு டிக்கி டிக்கர்” என்று நெஞ்சில் கை வைத்தாள். என் கண்ணில் தெரிந்தது கார் டிக்கி. “ஆக்சிடென்டா?” என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. தேர்வில் ஒரு ரோல்பிளேவுக்குக் கிடைப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

டிக்கர் என்றால் கடிகாரம் போல டிக் டிக் என்று அடிக்கும் இதயம். டிக்கி என்றால் கோளாறான, சீராக இல்லாத. டிக்கி டம்மி என்றால் வயிறு சரியில்லை. நம் ஊர்க் கார் டிக்கியும் பிரிட்டிஷ் சொல்தான். குதிரை வண்டியிலும் பழைய கார்களிலும் பின்னால் இருந்த கூடுதல் இருக்கைக்கு அந்தப் பெயர். இருக்கை போய்விட்டது, பெட்டி வைக்கும் இடத்துக்கு நம்மிடம் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அங்கே அதை பூட் என்பார்கள்.

அடுத்தது புவர்லி. லிசனிங் ஏ பகுதியில் இரண்டு உரையாடல், 24 கோடிட்ட இடம், ஆடியோ ஒரே தடவைதான். மாதிரித் தேர்வில் ஒரு பாட்டி “புவர்லி” என்றதும் பணக் கஷ்டம் போலிருக்கிறது என்று அதிலேயே நின்றேன். அதற்குள் இரண்டு இடங்கள் கடந்துவிட்டன. பாட்டி சொன்னது உடம்பு சரியில்லை என்று. வார்டில் ஒருவரை “வெரி புவர்லி” என்றால் நிலைமை மோசம், அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

இந்தச் சொற்களை நீங்கள் பேச வேண்டியதில்லை, புரிந்தால் போதும். ரைட்டிங் கடிதத்தில் எழுதவே கூடாது. ரோல்பிளேயில் சந்தேகம் வந்தால் “இதயத்தைச் சொல்கிறீர்களா?” என்று கேளுங்கள். தெளிவில்லாததை விசாரித்துத் தெரிந்துகொள்வதற்கும் மதிப்பெண் உண்டு. நான் கேட்காமல் ஊகித்ததுதான் தப்பு.

வயதானவர்கள் “ஒரு பென்னி செலவு பண்ணணும்” என்றால் பர்ஸைத் தேடாதீர்கள், பாத்ரூமுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்ற கணக்கே 1971-இல் போய்விட்டது, பேச்சு போகவில்லை.

குஷி என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சிரமமில்லாத வேலையை அங்கே “குஷி ஜாப்” என்பார்கள். குஷன் என்ற மெத்தையிலிருந்து வந்ததென்று நினைத்தேன். இல்லை, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொண்டுபோன நம் குஷியேதான். பக்காவும் அப்படிப் போனதுதான்.

கடைசியாக ஸ்கைவிங். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அக்காவுக்கு ஸ்கைவிங் மெஷின். மடித்துத் தைக்க வாகாகத் தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவும் வேலை. லீட்ஸ் தோழி யாரையோ “ஸ்கைவிங் பண்றா” என்று திட்டியபோது எனக்கு விளங்கவில்லை. சிப்பாய்ப் பேச்சிலிருந்து வந்த அந்த ஸ்கைவிங்குக்கு அர்த்தம், ஓபி அடிப்பது. தோல் வேலைச் சொல் அதைவிடப் பழையது.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

“ஓபியா? நீ வந்து ஒரு நாள் இந்த மெஷின்ல உக்காருடி” என்றாள்.