பட்டினி போடக் கூடாத நோயாளி

சிறுநீரக மாற்று வார்டில் முதல் இரண்டு நாட்கள் எங்கள் கண் சிறுநீர்ப் பையை விட்டு அகலாது. மணிக்கொரு தடவை அளந்து எழுதுவோம். அளவு திடீரென்று குறைந்தாலோ, நிறம் சிவந்தாலோ, வயிற்றில் சிறுநீரகம் வைத்த இடம் வீங்கி வலித்தாலோ உடனே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்தான். புதிய சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேற பெரும்பாலும் ஒரே சிரைதான் இருக்கிறது. அது அடைபட்டால் மாற்று வழி கிடையாது; சில மணி நேரத்தில் சிறுநீரகமே போய்விடும்.

இந்தப் பயம் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானது. பி12 உயிர்ச்சத்தை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத பிறவிக் குறைபாடு, அதாவது கோபாலமின் சி குறைபாடு, உள்ளவர் வந்தால் அது பல மடங்காகிறது. பி12 வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும். இவர்களுக்கு அது 100-ஐத் தாண்டுவதும் உண்டு. அது ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து ரத்தத்தை உறைய வைக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்து அதைச் செயலிழக்கச் செய்வதும் இதே நோய்தான்.

எனக்கு அதிகம் கவலை தருவது அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு. எல்லோருக்கும் சொல்வதுபோல இவருக்கும் "எதுவும் சாப்பிடாதீங்க" என்று சொல்லி விட்டுவிட முடியாது. பட்டினியில் உடல் தன் புரதத்தையே கரைக்கும். அதிலிருந்து வரும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஹோமோசிஸ்டீனாக மாறும். அதே நேரத்தில் டயாலிசிஸில் நீரையும் அதிகமாக எடுத்துவிட்டால் ரத்தம் கெட்டிப்படும். அதனால் உணவு நிறுத்தும்போதே டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) டிரிப் ஏற வேண்டும். மயக்க மருந்தில் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கூடாது; அது இருக்கிற பி12-ஐயும் முடக்கிவிடும். இவையெல்லாம் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவேன். தானம் கிடைத்ததாக அழைப்பு வருவது பெரும்பாலும் அகால நேரத்தில். அப்போது பணியில் இருப்பவர் இந்த நோயின் பெயரைக்கூடக் கேட்டிராதவராக இருக்கலாம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தைக் கொடுப்பதா, எவ்வளவு என்பது அறுவை மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. தையல் புதிது; கொடுத்தால் ரத்தம் கசியலாம், கொடுக்காவிட்டால் உறையலாம். ஹோமோசிஸ்டீனை அளக்க ரத்த மாதிரி எடுத்தால் அந்தக் குழாயை உடனே ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து அளவைத் தவறாகக் கூட்டிக் காட்டும்.

அப்புறம் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறினால், அது புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதாலா, நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் விளைவா, பழைய நோயே திரும்பிவிட்டதா என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

"புது கிட்னி வந்தாச்சே சிஸ்டர், இனி அந்த ஊசி எதுக்கு?" என்று வீட்டார் கேட்பது நியாயம்தான். ஆனால் குறைபாடு அவர் உடலின் மற்ற எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. சிறுநீரகத்தை மாற்றினால் அது தீராது. அந்த ஊசி, அதாவது பி12-இன் ஒரு வடிவமான ஹைட்ராக்ஸோகோபாலமின், தொடர்ந்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கியதும் நான் முதலில் தேடுவது அந்த மருந்தின் பெயரைத்தான்.