நகத்தைச் சுரண்டிய கடை

வேளச்சேரியில் இருக்கும் அந்த நெயில் சலூன் பக்கம் இனி நான் போவதாக இல்லை. ஏசி, மல்லிகை வாசனை, மெத்து மெத்தென்ற நாற்காலி எல்லாம் அமர்க்களம்தான். விளக்கொளியில் காட்டி இறுக வைக்கும் ஜெல் பாலிஷ் என்ற நகப்பூச்சையும் நன்றாகவே போட்டுவிட்டார்கள். அதை எடுக்கப் போனபோதுதான் வந்தது வினை.

முறைப்படி என்றால், மேல்பூச்சை லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, மேலே ஃபாயில் சுற்றி 10, 15 நிமிஷம் விட வேண்டும். ஜெல் பொரிந்து தானாகவே உரிந்து வரும். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பொறுமை இல்லை. அடுத்த கஸ்டமர் காத்திருந்தார். பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு இரும்புக் கருவியால் சுரண்ட ஆரம்பித்தாள்.

"வலிக்குதும்மா."

"அப்படித்தான் இருக்கும் மேடம்." தலையை நிமிர்த்தவே இல்லை.

மோதிர விரலில் ஜெல்லோடு சேர்ந்து நகத்தின் மேல் அடுக்கும் வெள்ளைச் செதிலாக வந்துவிட்டது. ராத்திரி ரசம் சாதம் பிசைந்தபோது சுரீரென்றது.

பில்லில் 'நெயில் கேர்' என்று 300 ரூபாய் வேறு. என்ன இது என்றால், எண்ணெய் தடவினோமே என்கிறார் கல்லாவில் இருந்தவர். ஒரு சொட்டு எண்ணெய்க்கு! விரலை நீட்டிக் காட்டினேன். "உங்க நகமே வீக் மேடம், இங்கேயே ஒரு ட்ரீட்மென்ட் எடுத்துக்கோங்க" என்றார். அதற்குத் தனி ரேட்டாம்.

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாகப் புது நகம் வர ஆறு மாதம் ஆகும். அதுவரை தேங்காய் எண்ணெய்தான். அந்தப் பெண்ணை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. இடைவெளியே விடாமல் அப்பாயின்ட்மென்ட் போடுவது முதலாளி. அந்த 300 ரூபாயைத்தான் விடுவதாக இல்லை.