இரண்டாம் இடத்தில்தான் உண்மையான கேள்வி

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2025 ஜூன் 25 அன்று தொடங்குவதற்கு முன்பு இதை எழுதுகிறேன்; அதில் முதல் பெயர் குறித்து எனக்கு ஐயமில்லை. வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்புடன், தேர்வு வரிசையை முடிவு செய்யும் லாட்டரியில் முதலிடம் பெற்ற டல்லாஸ் மேவரிக்ஸ், டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃப்ளாக்கைத்தான் எடுக்கும். பிப்ரவரியில் தன் நட்சத்திர வீரர் லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்ததால் மனமுடைந்திருக்கும் ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இரண்டாம் இடத்தைப் பற்றியே. அந்த இடத்தில் தேர்ந்தெடுக்கும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் டிஆரன் ஃபாக்ஸும், 2024-25 பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்ற ஸ்டெஃபோன் காசிலும் ஏற்கெனவே இருக்க, மூன்றாவது கார்டாக (பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்தும் வீரர்) ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலன் ஹார்ப்பர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூவருமே தொலைதூர எறிதலில் பெயர்பெற்றவர்கள் அல்லர் என்ற கவலை எனக்கும் இருக்கிறது. ஆயினும், தடுப்பவர்களை ஊடுருவி வளையம்வரை சென்று புள்ளி சேர்க்கும் ஹார்ப்பரை (ஐந்து முறை என்பிஏ பட்டம் வென்ற ரான் ஹார்ப்பரின் மகன்), இன்றைய இடநெருக்கடியைக் காரணம் காட்டி நட்சத்திர வீரர் வெம்பன்யாமாவின் அணியான ஸ்பர்ஸ் கைவிடக் கூடாது.

மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கும் பிலடெல்பியா, பஹாமாஸின் வி.ஜே. எட்ஜ்கோம்பை எடுக்க வேண்டும். மற்றொரு இளம் வீரரான ஏஸ் பெய்லியின் உயரமும் எறியும் நேர்த்தியும் மயக்கினாலும், அணியின் நட்சத்திரம் எம்பீடின் காயமுற்ற முழங்காலை நம்பியிருக்க முடியாத நிலையில், தற்காப்பிலும் ஓயாமல் ஓடும் ஒருவரே அந்த அணியின் கார்டு மேக்ஸிக்குத் துணையாவார்.