"இடுப்பு கொஞ்சம் உள்ளே"

பத்திரிகை அட்டைப்படங்களைக் கணினியில் திருத்தும் ரீடச்சிங் மேசைக்கு வரும் குறிப்புகள் ரொம்பச் சுருக்கமானவை. "இடுப்பு கொஞ்சம் உள்ளே." "கை ஒல்லியா வேணும்." "ஸ்கின் க்ளீன் பண்ணிடுங்க." எவ்வளவு, ஏன், யார் கேட்டது என்பதெல்லாம் இருக்காது. அதே இதழின் உள்பக்கப் பேட்டியில், "என் உடம்பு இப்படித்தான், எனக்கு இது போதும்" என்று அட்டையில் இருக்கும் நடிகையே சொல்லியிருப்பார். ஆனால் பேட்டி ஒரு மேசையில், அட்டை இன்னொரு மேசையில். இடுப்பை உள்ளே தள்ளுகிறவர் அந்தப் பேட்டியைப் படித்திருக்கவே மாட்டார்.

உருவக் கேலிக்கு எதிராகப் பிரபலங்கள் பேசுவது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 2003இல் பிரிட்டிஷ் ஜிக்யூ இதழின் அட்டையில் நடிகை கேட் வின்ஸ்லெட்டை மெலிய வைத்திருந்தார்கள். நான் அப்படி இல்லை, அப்படி இருக்க ஆசையும் இல்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 2015இல் அமெரிக்க நடிகை ஸெண்டாயாவுக்கு 19 வயது. மாடலிஸ்ட் இதழ் அவர் இடுப்பைக் குறைத்திருந்தது. அவர் நீளமாக விளக்கிக்கொண்டிருக்கவில்லை; அசலையும் திருத்தியதையும் ஒன்றாக வைத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். இதழ் பின்வாங்கியது. இரண்டு படங்களையும் ஒரே அளவில் அருகருகே வைப்பது ரீடச்சர்கள் தினமும் செய்கிற சோதனைதான். எந்தப் பேச்சையும்விட அது வேகமாக வேலை செய்யும்.

ஏன் என்றால், திருத்தம் தனியாகப் பார்த்தால் தெரியாது. 4000 பிக்சல் உயரமுள்ள படத்தில் படத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை தூரிகையால் இடுப்பை இரு பக்கமும் 20 பிக்சல் தள்ளினால் யாருக்கும் கண்ணில் படாது. சிக்கல் அந்த இருபதில் இல்லை. படப்பிடிப்பிலேயே உடையின் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அடுத்து போட்டோகிராபர் தன் பங்குக்குக் கொஞ்சம், ரீடச்சர் கொஞ்சம். கடைசியில் தலைப்பு எழுத்துக்கு இடம் வேண்டும் என்று லேஅவுட்டில் இன்னும் கொஞ்சம். நாலு கை பட்டு வெளிவரும் உடம்புக்கு யாருமே பொறுப்பில்லை. "நான் லேசாத்தான் தொட்டேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வது பொய்யும் இல்லை.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் உடம்பால் அல்ல, பின்னணியால். இடுப்புக்குப் பின்னால் கதவு நிலை, தரை ஓடு, ஜன்னல் கம்பி எது இருந்தாலும் அதுவும் சேர்ந்து வளையும். அந்த இடம் அசையாதபடி ஃப்ரீஸ் மாஸ்க் போட்டு அதைக் காப்பாற்றினாலும் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியின் வடிவம் காட்டிக்கொடுக்கும். கோடு போட்ட சட்டை என்றால் கோடுகள் ஓரத்தில் நெருங்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையும் தரையில் விழுந்த நிழலையும் மறந்துவிடுவது சர்வசாதாரணம். முன்னால் நிற்பவர் ஒல்லி, கண்ணாடிக்குள் இருப்பவர் பழைய ஆள்.

எல்லாத் திருத்தமும் பொய் என்று சொல்வதும் சரியில்லை. 24 மில்லிமீட்டர் லென்ஸில் குழுவாக எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் தோளும் கையும் இழுபட்டு அகலும். அதைச் சரிசெய்வது லென்ஸின் தவறைத் திருத்துவது, ஆளை அல்ல. அவரை நடுவுக்கு நகர்த்தியிருந்தால், அல்லது பின்னால் போய் 85 மில்லிமீட்டரில் எடுத்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவை எடுக்கலாம். மச்சம், தழும்பு, பிரசவக் கோடுகளைக் கேட்காமல் தொடக் கூடாது. தொழிலில் பலர் வைத்திருக்கும் எல்லை இதுதான், மோசமான எல்லையும் அல்ல.

தோலில் நடப்பது வேறு கூத்து. படத்தை இரண்டு லேயராக, அதாவது அடுக்காக, பிரிப்பார்கள்: ஒன்றில் துளைகளும் மெல்லிய முடியும், மற்றதில் நிறமும் நிழலும். கீழ் லேயரில் மங்கலை அளவுக்கு மீறி ஏற்றினால் கன்னத்தின் வளைவே கரைந்து மெழுகுப் பொம்மை வந்துவிடும். இதற்குப் பதில், இடம் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டாட்ஜ் அண்ட் பர்ன் முறையில், தூரிகையின் ஃப்ளோவை (ஒரு தடவலில் விழும் அளவை) 1 முதல் 3 சதவீதத்துக்குள் வைத்துத் திட்டுகளை மட்டும் சமன்செய்யலாம். நேரம் பிடிக்கும், முகம் முகமாகவே இருக்கும். நிறத்தைக் கூட்டுவது இன்னும் மோசம். முகத்தை மட்டும் வெளுக்கச் செய்தால் கழுத்தும் விரல் மூட்டுகளும் அப்படியே நிற்கும். வடிவம், நிறம் மட்டுமா? 2017இல் கிராஸியா யுகே இதழின் அட்டையில் நடிகை லுபிட்டா நியோங்கோவின் சுருள்முடியையே ஒரு பகுதி அழித்து, மீதியை வழவழப்பாக்கியிருந்தார்கள். அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். போட்டோகிராபர் மன்னிப்புக் கேட்டார்.

சட்டமும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது. 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடல்வடிவை மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று குறிப்பிட வேண்டும் என்கிறது பிரான்ஸ். மீறினால் 37,500 யூரோ அபராதம், விளம்பரச் செலவைப் பொறுத்து அதற்கு மேலும் போகலாம். அதே நாளிலிருந்து, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் அப்படி மாற்றிய மாடல் படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. நார்வேயும் 2022 ஜூலையில் இப்படிக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது; சமூக வலைத்தளங்களில் காசு வாங்கிப் போடும் படங்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஆனால் பேட்டியோடு வரும் அட்டைப்படம் விளம்பரம் அல்ல. அங்கே நட்சத்திரத்தின் கையில் இருப்பது ஒப்பந்தம்தான்.

அந்த ஒப்பந்தத்தில் "இயல்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. இயல்பு ஆளுக்கு ஆள் மாறும். உடல்வடிவம், எடை, தோல் நிறம், முடியின் தன்மை மாற்றக் கூடாது, நிரந்தர அடையாளங்களை நீக்கக் கூடாது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ஒப்புதல் கேட்கும்போது அசலும் கூடவே வர வேண்டும், அதுவும் லேஅவுட் முடிந்த பிறகு. அதற்கு முன் கொடுத்த ஒப்புதல் வேறொரு படத்துக்குக் கொடுத்த ஒப்புதல்.

2021இல் தன் தொலைக்காட்சித் தொடரின் போஸ்டரைக் கேட் வின்ஸ்லெட் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். கண்ணோரம் எத்தனை சுருக்கம் என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. எவ்வளவு, எங்கே என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. ரீடச்சருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது. லேயர்களைக் கலைக்காமல் வைத்திருந்தால் கண்ணோரத்தில் மட்டும் திருத்தத்தை மறைக்கும்படி மாஸ்க்கைத் துடைத்தால் போதும், பத்து நிமிட வேலை. எல்லா லேயரையும் ஒன்றாக்கி, அதாவது ஃப்ளாட்டன் செய்து மூடியிருந்தால் கேமராவிலிருந்து வந்த ரா கோப்பைத் திறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.